ஏலத்தில் யார் பெயர்

ஊரில் ஆயிரம் பேருக்கு ஆயிரம் பெருமை இருக்கும். ராஜகீழ்ப்பாக்கம் தனசிங்குக்கு இருந்தது ஒரே ஒரு பெருமை. அதையும் வருஷத்துக்கு ஒரு முறைதான் வெளியே எடுத்துக் காட்ட முடியும்.

கிறிஸ்தவ சபையின், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை அன்று, ஆராதனை முடிந்ததும், ஆலய வளாகத்தில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், வாழைத்தார், கேக், புண்ணியவான் யாரோ கொண்டுவந்து வைத்த பிளாஸ்டிக் நாற்காலி என்று எல்லாம் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் கொடுத்தவர் பெயரை எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். சபைச் செயலாளர் தாவீது மைக்கைப் பிடித்து அந்தச் சீட்டைப் படிப்பார். "அடுத்தது... நம்ம தனசிங் பப்ஸ்!" என்று அவர் இழுத்துச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு 'ஆ' எழும். அந்த 'ஆ'வுக்காகத்தான் தனசிங் இருபத்து மூன்று வருஷமாக, ஒரு பண்டிகை தவறாமல், அறுபது பப்ஸ் அடுக்கிய ட்ரேயைத் தோளில் சுமந்துகொண்டு போனான். கேட்டால் ஆண்டவருக்காக என்பான். ஆண்டவருக்குத் தெரியாதா என்ன!

வேளச்சேரி சாலை முனையில் அவனுடைய எபினேசர் பேக்கரி. பின்னால் சமையற்கூடம், முன்னால் கண்ணாடி அலமாரி, அதன் ஓரத்தில் கல்லா. கல்லாவில் அவன் மனைவி ஜான்சி. சாயங்காலம் நாலு மணிக்கு முதல் ட்ரே வெளியே வரும். தாம்பரம் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு நின்று வாங்குகிறவர்கள் உண்டு. கடித்தால் சட்டையெல்லாம் உதிரும். உதிராத பப்ஸ் பப்ஸே இல்லை, அது பன் என்பது தனசிங்கின் சித்தாந்தம்.

அந்தப் பப்ஸுக்கு உயிர் வனஸ்பதி. கட்டியான, வெள்ளை வெளேரென்ற வனஸ்பதிக் கட்டை. நம் ஊர் வெயிலில் அதை மேஜையில் வைத்தால் கொழகொழத்துப் போகும். ஆகவே தனசிங் ஒரு சட்டம் வைத்திருந்தான்: கட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராக மாவுக்கு வர வேண்டும், நடுவில் ஒரு நிமிஷம்கூட வெளியே நிற்கக் கூடாது. அப்படி எடுத்து, தட்டி, மாவுக்குள் வைத்து மடித்து, உருட்டி, மறுபடி மடித்து, இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பிறந்ததும் சரக்குக் கொண்டுவருகிற லாசரஸ் வேறு நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்.

"மாஸ்டர், இனிமே பழசு வராது. கவர்மென்ட்டு ரூலு. டிரான்ஸ் ஃபேட் நூத்துக்கு ரெண்டுக்கு மேல இருக்கக் கூடாதாம்."

"இன்னா ஃபேட்டு?"

"எண்ணெயைக் கட்டியாக்கறப்போ வர்ற ஒரு கெட்ட கொழுப்பு. நெஞ்சை அடைக்குதாம். இது அது இல்லாம செஞ்சது."

"அப்போ இத்தினி வருஷமா நான் இன்னாத்த போட்டுகினு இருந்தேன்? விஷமா?"

லாசரஸ் பெட்டிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்தக் கேள்வி மட்டும் தனசிங்கின் நெஞ்சிலேயே கிடந்தது. நெஞ்சை அடைப்பது என்றால் அவனுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

புதுக் கட்டையையும் பழைய சட்டப்படியே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நேராக மாவில் வைத்தான். உருட்டினால் உள்ளே சடக் சடக்கென்று உடைந்தது. உடைந்த துண்டுகள் மாவைக் கிழித்தன. ஓவனில் வைத்தால் கொழுப்பெல்லாம் ஒழுகி ட்ரேயில் தேங்க, பப்ஸ் அடை மாதிரி படுத்துக்கொண்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தனசிங் ஓவனைக் குறை சொன்னான், மைதாவைக் குறை சொன்னான், லாசரஸின் ஏழு தலைமுறையைக் குறை சொன்னான். ஆறு மாதம் இப்படிப் போனது. வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பப்ஸுக்குப் பதில் பன் வாங்கிக்கொண்டு போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

ஜூலையில் லாசரஸின் கம்பெனிக்காரர்கள் குரோம்பேட்டையில் ஒரு மண்டபத்தில் பேக்கரிக்காரர்களுக்கு அரை நாள் பயிற்சி வைத்தார்கள். "எனக்குப் பப்ஸ் போடக் கத்துக்குடுக்க எவன் பொறந்துகீறான்?" என்று தனசிங் அழைப்பிதழைக் கசக்கிப் போட்டான். ஜான்சி அதை எடுத்து நீவிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "சாப்பாடு உண்டாமே, நான் போய்ட்டு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

போனவள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். மறுநாள் மதியம், தனசிங் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், புதுக் கட்டை ஒன்றை மேஜையில் வைத்து, துணியால் மூடி, காத்திருந்தாள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஓரம் விரியக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் மாவில் வைத்து மடித்தாள். மாவு அவளுக்குப் புதிதில்லை. இருபத்து மூன்று வருஷமாகக் காலையில் மாவு பிசைந்ததும் மசாலா வதக்கியதும் அவள்தான். நாலு மணிக்கு ட்ரே வெளியே வந்தபோது பப்ஸ் ஒவ்வொன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

தனசிங் எழுந்து வந்து பார்த்தான். ஒன்றை எடுத்துக் கடித்தான். சட்டையெல்லாம் உதிர்ந்தது.

"உப்பு தூக்கலா கீது" என்றான்.

உப்பு தூக்கலாக இல்லை. அது ஜான்சிக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அன்றையிலிருந்து பப்ஸ் ஜான்சியின் கைக்குப் போய்விட்டது. யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. அவள் மதியம் கட்டையை வெளியே எடுத்து வைப்பாள், அவன் 'இது உன் வேலை இல்ல' என்று முணுமுணுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரெட்டைப் பார்ப்பான். வேடிக்கை என்னவென்றால், வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. "மாஸ்டர், பழைய கை திரும்பி வந்துடுச்சு!" என்று அவனிடம் வந்து சொன்னார்கள். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது மாதிரி அவனைக் குறுகுறுக்க வைத்தது. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. இஞ்சி தின்ற குரங்காகச் சிரித்து வைத்தான். ஆள் இல்லாத நேரத்தில் மைதா மூட்டைகளுக்குப் பின்னால் நின்று அவள் போட்டதைத் தின்று பார்ப்பான். ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று லேயர் லேயராகப் பிரித்துத் தேடுவான். கிடைக்காது. இன்னொன்றை எடுப்பான்.

பொறாமை என்றால் பக்கத்துக் கடைக்காரன் மேல் வரலாம், பங்காளி மேல் வரலாம். கட்டின பெண்டாட்டி மேல் வந்தால் அதை எங்கே போய்ச் சொல்வது? ஜெபத்திலும் சொல்ல முடியாது, பக்கத்து பெஞ்சில் அவளே உட்கார்ந்திருக்கிறாள்.

ஞானஜோதி டீச்சர் கை கழுவப் பின்பக்கம் போன அன்று குட்டு உடைந்தது. அஸ்தினாபுரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பப்ஸுக்காகவே வருகிறவர் அவர். உள்ளே ஜான்சி முழங்கை வரை மாவோடு உருட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் வெளியே வந்து, நாலு பேர் நடுவில், பள்ளிக்கூடக் குரலில் சொன்னார்:

"மாஸ்டர், இத்தனை நாள் சொல்லவே இல்லையே! எல்லாம் ஜான்சி கையா? இனிமே எனக்கு ஜான்சி போட்டதுதான் வேணும். நீங்க போட்டது நீங்களே வெச்சுக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். தனசிங்கும் சிரித்தான். வயிற்றுக்குள் ஓவன் எரிந்தது.

அதற்கு அடுத்த வாரம், நவம்பரில், தாவீது அறுப்பின் பண்டிகைக் காணிக்கைப் பட்டியலோடு கடைக்கு வந்தார். கல்லா மேல் வைத்துச் சரிபார்த்தார். தனசிங் எட்டிப் பார்த்தான். பன்னிரண்டாவது வரியில், நல்ல மணியான எழுத்தில், 'ஜான்சி பப்ஸ், 60' என்று இருந்தது.

"டீச்சர் சொன்னாங்க மச்சான்" என்றார் தாவீது. "உழைச்சவங்க பேரு வர்றதுதானே நியாயம்? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு இன்னா? நல்லா போடு" என்றான் தனசிங்.

வருஷத்துக்கு ஒரு நாள். ஒரே ஒரு 'ஆ'. அதுவும் போயிற்று. அன்று முழுக்க அவன் பிரெட் கருகியது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. மாவை அன்றைக்கே மடித்து வைத்துவிட்டால் ஞாயிறு காலையில் சுட்டு எடுத்துக்கொண்டு போகலாம் என்பது கணக்கு. மதியம் இரண்டு மணிக்கு ஜான்சி நாலு கட்டைகளை ஒரு ட்ரேயில் அடுக்கி மேஜையில் வைத்து, துணியால் மூடினாள். பாடகர் குழுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. "நாலரைக்கு வந்து மடிச்சிடறேன். கட்டையைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தோடு கிளம்பினாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை. தனசிங் அந்தத் துணியைப் பார்த்தான். தாவீதின் மைக்கில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்று காதுக்குள் கேட்டான். ஜா...ன்சி பப்ஸ்! கூட்டம் 'ஆ' என்கிறது.

எழுந்தான். ட்ரேயை அப்படியே தூக்கி ஃப்ரீசருக்குள் தள்ளினான்.

யாராவது கேட்டால் சொல்லப் பதில் தயாராக இருந்தது. 'பழக்க தோஷம். கொழுப்பைக் கண்டா உள்ள வெக்கிற கை இது.' அது பொய்யும் இல்லை, பாருங்கள். இருபத்து மூன்று வருஷம் அவன் சரியாகச் செய்த அதே வேலை. அதைச் செய்ததற்கு யார் அவனைக் குற்றம் சொல்ல முடியும்? ஆனால் ஃப்ரீசரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தபோது, கோழி திருடியவன் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பதைப் போல அவனுக்கு வியர்த்தது. நாலு மணி பத்து நிமிஷத்துக்கு ட்ரேயை வெளியே எடுத்து, கட்டைகளை ஒவ்வொன்றாகத் துண்டால் துடைத்து, துணியைப் பழையபடி மூடினான். பிறகு மைதா மூட்டைகள் பக்கம் போய் எதையோ எண்ணுவது போல நின்றுகொண்டான்.

ஜான்சி நாலரைக்கு வந்தாள். புடவைத் தலைப்பால் மழையைத் துடைத்து, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு துணியை விலக்கினாள். கட்டையில் விரலை வைத்தாள். ட்ரேயை நகர்த்திவிட்டு மேஜையைத் துடைத்தாள். பிறகு ஒரு கட்டையை எடுத்து மாவின் நடுவில் வைத்து, மடித்து, உருட்டுக்கட்டையை அதன் மேல் வைத்தாள்.

சடக்.

இன்னொரு முறை உருட்டினாள். மாவு கிழிந்து வெள்ளைத் துண்டு ஒன்று எட்டிப் பார்த்தது. தனசிங் எதிர்பார்த்திருந்த சந்தோஷம் வரவில்லை. பல் கூசியது.

"வரல" என்றாள் ஜான்சி. ஏப்ரனைக் கழற்றி அவன் தோள்மேல் போட்டாள். "நீங்க சொல்றதுதான் சரி. இது என் வேலை இல்ல. நாளைக்கு ஏலத்துக்கு நீங்களே போட்டுடுங்க. தாவீது அண்ணன்கிட்ட சொல்லி சீட்டுல உங்க பேரையே எழுதிக்கலாம்."

முன்னால் போய்க் கல்லாவில் உட்கார்ந்துகொண்டாள்.

கேட்டது கிடைத்துவிட்டது. கரும்பு தின்னக் கூலியா? தனசிங் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். மீதி மூன்று கட்டைகள். ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினான். பழைய வனஸ்பதி என்றால் தொட்ட மாத்திரத்தில் விரல் சொல்லிவிடும், இன்னும் கொஞ்சம், போதும், மடி என்று. இது அவன் விரலிடம் ஒன்றும் பேசவில்லை. எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? மாவு எவ்வளவு இளக்கமாக இருக்க வேண்டும்? நாலு மாதமாகத் தினமும் கண்ணெதிரே நடந்ததை முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்காமல் விட்டிருந்தான். இந்தக் கட்டையைக் கெடுக்கத் தெரியும், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த வித்தை. ஊரெல்லாம் பேர் வாங்கிய மாஸ்டர், சொந்த மேஜையின் முன்னால், முட்டாள் மாதிரி நின்றான்.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான். அவள் திட்டவில்லை. 'நீங்க சொல்றதுதான் சரி' என்றாள். அதுதான் உள்ளே போய்க் குத்தியது. தான் பாழாக்கியது கட்டையை மட்டும் இல்லை, அவளுக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கையையும்தான் என்று நினைத்தபோது அவனால் அந்த மேஜை முன்னால் நிற்க முடியவில்லை.

கல்லாவில் ஒருத்தர் பிரெட் வாங்கிக்கொண்டு போகும் வரை கதவோரமே நின்றான். பிறகு போனான்.

"கட்டையை நான்தான் ஃப்ரீசர்ல வெச்சேன்."

"தெரியும்" என்றாள் ஜான்சி, நிமிர்ந்து பார்க்காமல்.

"எப்படி?"

"கட்டையைத் துடைச்சீங்க, ட்ரேயைத் துடைக்கல. தூக்குனா அடியில சொட்டச் சொட்டத் தண்ணி."

"தெரிஞ்சுமா உருட்டுன?"

"ஒண்ணைத்தான் உருட்டுனேன். மூட்டைக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருந்தீங்களே. நடுவுல வந்து நிறுத்துவீங்கன்னு நெனச்சேன்."

"வயிறு எரியுது ஜான்சி. நான் இன்னா பண்றது? இருபத்து மூணு வருஷமா போட்டது எல்லாம் கெட்ட கொழுப்புன்னுட்டான். நல்லதுன்னு வந்தது உன் கையில போய் நிக்குது. அந்த ஒரு நாளு, அந்த ஒரு பேரு, அதுவும் போச்சு."

ஜான்சி இப்போது நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, குரலில் இல்லை.

"இருபத்து மூணு வருஷமா இதே நாற்காலியில உக்காந்து, 'மாஸ்டர் கை, மாஸ்டர் கை'ன்னு சொல்றவங்களுக்கெல்லாம் பார்சல் கட்டிக் குடுத்தேன். மாவு பிசைஞ்சது யாரு? மசாலா வதக்குனது யாரு? ஒரு ஏலத்துல என் பேரு வந்திருக்கா? எனக்கு எரிஞ்சிருக்காதா?"

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. அவளுக்கும் ஒரு வயிறு இருக்கும் என்பதே அவனுக்குத் தோன்றியதில்லை.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது. நல்லாவே எரிஞ்சுது. ஆனா நான் உங்க வனஸ்பதியைத் தூக்கி ஒரு நாளாவது வெயில்ல வெச்சேனா?"

பஸ் ஒன்று வந்து நின்று போனது. நாலு மாதமாகத் தனசிங்கின் தொண்டையில் நின்ற கேள்வி ஒருவழியாக வெளியே வந்தது.

"மீதி மூணும்... எத்தினி மணிக்குப் பதத்துக்கு வரும்?"

"ஏழாவும்" என்றாள். "அது வரைக்கும் நீங்க கல்லாவுல உக்காருங்க. அந்தப் பக்கம் போகாதீங்க."

அவன் உட்கார்ந்தான். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் சொல்லி அவன் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் பன்னிரண்டாவதாக ட்ரே மேஜைக்கு வந்தது. சீட்டை மாற்றி எழுதத் தனசிங்கின் சட்டைப் பையில் பேனாவும் இருந்தது, நேரமும் இருந்தது. அவன் மாற்றவில்லை. தாவீது மைக்கைப் பிடித்தார். "அடுத்தது... நம்ம ஜான்சி பப்ஸ்!"

'ஆ' என்றது கூட்டம். அதே 'ஆ'. தன்னுடையது என்று இத்தனை வருஷம் அவன் நினைத்துக்கொண்டிருந்த அதே 'ஆ', கொஞ்சமும் குறையாமல். மனம் திருந்தினவனுக்கு எரியாது என்று யார் சொன்னது? எரிந்தது. ஞானஜோதி டீச்சர் முதல் ஆளாகக் கை தூக்கினார். அதைப் பார்த்ததும் தனசிங்கின் கை தன்னால் மேலே போயிற்று. இந்த ட்ரேயைத் தின்றுவிட்டு யாரும் ஊரெல்லாம் பாராட்டிக்கொண்டு திரியக் கூடாது, அவ்வளவுதான் அந்தக் கையின் எண்ணம். டீச்சர் ஏற்றினார், அவன் ஏற்றினான். கூட்டம் விசிலடிக்க ஆரம்பித்தது. கடைசியில் டீச்சர் சிரித்துக்கொண்டே கையை இறக்கினார்.

"வூட்டுல சும்மா கிடைக்கிறதை ஏலத்துல எடுத்த முதல் ஆளு நம்ம தனசிங்தான்!" என்றார் தாவீது. "பெண்டாட்டி மேல எவ்ளோ பாசம் பாருங்க!" எல்லோரும் கை தட்டினார்கள். பாடகர் குழு வரிசையில் நின்ற ஜான்சி மட்டும் தட்டவில்லை. அதில் பாசம் எத்தனை பங்கு, மற்றது எத்தனை பங்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. தின்கிற பொருளை ஏலத்தில் எடுத்தவர் அதை அங்கேயே எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். கையைத் தூக்கின அவசரத்தில் தனசிங் அதை மறந்துபோனான். ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனான். எடுத்தவர்கள் கடித்தார்கள், உதிர்த்தார்கள், "ஜான்சி கை கைதான்" என்றார்கள். அறுபது பப்ஸ், அறுபது தடவை. ஒன்றைக்கூடக் கேட்காமல் தப்ப முடியவில்லை. இருபதாவது ஆளிடம் வரும்போது, அவர் வாயைத் திறக்கும் முன்பே, "ஜான்சி போட்டது" என்று இவனே சொல்லிவிட்டான். அப்படிச் சொல்லிவிட்டால் எரிச்சல் கொஞ்சம் குறைவாக இருந்தது.

கடைசி பப்ஸ் ஞானஜோதி டீச்சருக்கு. ஜான்சியும் அவர் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள்.

"சரி மாஸ்டர்" என்றார் டீச்சர், ஒரு கடி கடித்துவிட்டு. "எல்லாம் ஜான்சிதான்னு சொல்றீங்க. இதுல உங்க பங்குன்னு ஒண்ணுமே இல்லையா?"

தனசிங் காலி ட்ரேயைப் பார்த்தான்.

"கீது டீச்சர். கட்டையை ஃப்ரீசர்ல வெச்சேன்."

"ஓ, அதுதான் ரகசியமா!" என்றார் டீச்சர், கண்ணை அகல விரித்து.

ஜான்சிக்குச் சிரிப்பு பீறிட்டது. புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஆயர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். தனசிங் காலி ட்ரேயை மார்போடு அணைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் சிரிப்பு வந்தது, வயிறும் எரிந்துகொண்டுதான் இருந்தது.